மார்னி எங்கே குடியிருக்கிறாள்

நெப்ராஸ்காவில் டுவேன் ஹவ்லிசெக் இருக்கும் ஊரில் காற்று கொஞ்சம் பலமாகத்தான் அடிக்கும். ஒரு மார்ச் மாதம் அது அவருடைய தபால் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து மாவட்டத்தில் நட்டுவிட்டது. தபால்காரரும் அங்கேயே கடிதங்களைப் போடத் தொடங்கினார். டுவேன் ஒன்றும் சொல்லவில்லை; வாரம் ஒருமுறை காரில் போய் எடுத்துவந்தார். மனைவி ரோண்டா இறந்த இந்த இரண்டு வருடங்களில் அவர் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. பல் டாக்டர் மரப்பு ஊசி போட மறந்து இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கியபோதுகூட, வெளியே மழை வருமா என்றுதான் கேட்டார்.

ஏப்ரல் பிறந்ததும் வழக்கம்போல வருமான வரிக் காகிதங்களோடு லோர்னாவிடம் போனார். கூடப் படித்தவள். முடி வெட்டும் கடையின் பின்னறையில் உட்கார்ந்து ஊருக்கே வரிப் படிவம் நிரப்புகிறவள்.

"உன் மக மார்னி இன்னும் லிங்கன் சிட்டில காலேஜ்தானே? செலவெல்லாம் நீதானே?"

"ஆமா."

"அப்ப உன்னை நம்பி இருக்கிறவங்கன்னு அவ பேரைப் போட்டுடலாம், வரி குறையும். போன வருஷம் எத்தனை நாள் வீட்ல இருந்தா?"

"மூணு ராத்திரி. கிறிஸ்துமஸுக்கு."

"கோடை லீவுக்கு?"

"அங்கயே ஏதோ வேலை பாத்தா."

"பரவால்ல. படிக்கப் போன பிள்ளை திரும்பி வரும்னு இருந்தா, வருஷம் பூரா வீட்லயே இருந்ததாத்தான் கணக்கு. சட்டம் அப்படி."

"வருஷம் பூராவா?"

"பூரா."

டுவேன் யோசித்துப் பார்த்தார். அப்படியானால் மார்னி வீட்டில்தான் இருந்திருக்கிறாள். அவர்தான் கவனிக்காமல் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

"திரும்பி வருவா இல்ல?" என்றாள் லோர்னா, கண்ணாடிக்கு மேலே பார்த்து.

முன்னறையில் யாருக்கோ முடி உலர்த்தும் மெஷின் ஓடி நின்றது.

"ஏம்ப்பா, எல்லாரும் 'ஆமா'ன்னுட்டுப் போயிட்டே இருக்காங்க. உனக்கு மட்டும் இது பரீட்சைக் கேள்வியா?"

"கேட்டுச் சொல்றேன்."

போனை மேசைமேல் வைத்து அழுத்தினார். ஸ்பீக்கரை அணைக்க அவர் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

"அப்பா? நீயா? என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. வரிப் படிவம். நீ வீட்டுக்குத் திரும்பி வருவியா?"

அந்தப் பக்கம் தட்டுக் கழுவும் சத்தம் நின்றது.

"படிவத்துக்காகவா கேக்குற?"

"படிவத்துக்கு வேணுமாம்."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கு நீ மொத்தமே ஒன்பது வார்த்தைதாம்பா பேசுன. நான் எண்ணுனேன்."

"பத்து இருக்கும்."

"'உப்பு எடு'ங்கிறதையும் ரெண்டா எண்ணிட்டேன்."

லோர்னா கூரையைப் பார்த்தாள்.

"சரி, வருவான்னே எழுதிக்கோ," என்றாள் மார்னி. "உனக்கு வரியாவது குறையும்ல."

"நிஜமா வருவியா?"

அந்தப் பக்கம் குழாயைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

"இல்லப்பா."

"சரி," என்று வைத்துவிட்டார்.

"அவளே எழுதச் சொல்லிட்டா," என்றாள் லோர்னா. "அதுக்கப்புறம் சொன்னது எனக்குக் கேக்கல. எனக்குக் காது மந்தம், ஊருக்கே தெரியும்."

"வர மாட்டேன்னுட்டா, லோர்னா."

"பேரை எடுத்தா நிறையக் கட்டணும் டுவேன்."

"எடுத்துடு."

எடுத்தாள். அச்சு மெஷினிலிருந்து வந்த புதுப் படிவத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கையெழுத்துப் போட்டார். அவருக்கு வருத்தமாக இல்லை. ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. அடுத்த ஆள் வாசலில் வந்து நின்று, தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டான்.

டுவேன் போனை எடுத்து மீண்டும் அழுத்தினார்.

"படிவம் முடிஞ்சுது. உன் பேரை எடுத்தாச்சு."

"கோபமாப்பா?"

"இல்ல. இது படிவத்துக்கு இல்ல, நானாத்தான் கேக்குறேன்." நிறுத்தினார். "ஞாயித்துக்கிழமை நான் அங்க வரட்டுமா?"

லோர்னா அச்சு மெஷினை அணைத்தாள்.

"என் ரூம்ல ஒரே ஒரு நாற்காலிதாம்பா இருக்கு," என்றாள் மார்னி.

"நான் நின்னுக்கிறேன்."