கதவின் மேல் விளிம்பு

வீடுகளில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். விற்பவர் மறைப்பதை வாங்குபவருக்காகத் தேடி எடுப்பது என் தொழில். பதினோரு வருடமாகச் செய்கிறேன், நன்றாகவே செய்கிறேன். ஆனால் என் தொழிலைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஒரு ஆள் உண்டு. என் அக்கா.

அக்காவுக்குக் கல்யாணமான பதினேழு வருடத்தில் எட்டு வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் சொன்னது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். அத்தான் கப்பலில் வேலை பார்க்கிறார், வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். அதனால் வீடு விஷயத்தில் அக்கா வைத்ததுதான் சட்டம். சொந்தமாக வாங்க இரண்டு வருடத்தில் மூன்று வீடு பார்த்தாள். மூன்றையும் நான்தான் கெடுத்தேன் என்கிறாள்.

முதல் வீட்டில் கரையான் உத்திரம் வரைக்கும் ஏறியிருந்தது. மூன்றாவது வீட்டில் எர்த் கம்பியே இல்லை, குளிக்கிற இடத்தில் ஹீட்டரைத் தொட்டால் சுர்ரென்றது. இந்த இரண்டுக்கும் நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன். இரண்டாவது வீடுதான் எனக்கே உறுத்துகிறது. குளியலறைச் சுவரில் கொஞ்சம் ஓதம், மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குகிற ஒரு மூலை, அடைத்துக்கொண்ட ஒரு குழாய். கொத்தனாருக்கு ஒரு வார வேலை. நான் அதையும் கரையானைச் சொன்ன அதே குரலில் சொன்னேன். எங்கள் தொழிலில் அது ஊறிப்போன பழக்கம். சொட்டுகிற குழாயும் உட்காருகிற அஸ்திவாரமும் ஒரே தாளில், ஒரே எழுத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக வரும். படிக்கிறவர்கள் ஒன்று எல்லாவற்றுக்கும் பயப்படுவார்கள், இல்லையென்றால் எதையுமே நம்ப மாட்டார்கள். அக்கா பயந்து விலகினாள். அந்த வீட்டை வேறு யாரோ வாங்கி, வெள்ளையடித்து, வாசலில் ரோஜாத் தொட்டி வைத்துச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அக்கா வேலைக்குப் போகிற வழியே அதுதான். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு ஏழு மாதம் என்னோடு பேசவில்லை.

போன வாரம் திடீரென்று போன் வந்தது.

"நாலாவது வீடு பாத்துட்டேன். சனிக்கிழமை மத்தியானம் ஒப்பந்தத்துல கையெழுத்து. தங்கச்சியா வர்றதுன்னா வா. உன் டார்ச்சு, சுத்தி, அந்தப் பெரிய பை எதுவும் வரக் கூடாது. வாயும் வரக் கூடாது."

"வாயை எங்கக்கா கழட்டி வைக்கிறது?"

"பையிலயே வச்சுப் பூட்டிட்டு வா."

வெறுங்கையோடு போனேன். பழைய செங்கல் வீடு, மாடியோடு. வாசலில் புரோக்கர் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றான். வேறு வீடுகளில் என்னிடம் அடிபட்டவன். என்னைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது.

"எக்ஸ்ரே மேடமா! இங்க எப்படி?"

"நான் இவங்க தங்கச்சி. சும்மா வந்திருக்கேன்."

வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே உள்ளே கூப்பிட்டார். அவர் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். முன்கூடம் அவ்வளவு பெரியது, ஐம்பது பேர் தாராளமாக உட்காரலாம். அக்கா நடுவில் போய் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுற்றிப் பார்த்தாள்.

"இங்க சோபா. அந்தச் சுவர் முழுக்கப் படம். எத்தனை ஆணி அடிப்பேன் தெரியுமா? வேணும்னே அடிப்பேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீடு நல்லதாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தேன். இரண்டாவது வீட்டில் செய்த தப்பை இங்கே செய்யக் கூடாது என்றும் முடிவு கட்டிக்கொண்டேன்.

கண் என்னவோ சும்மா இருக்கவில்லை. சமையலறைத் தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்கியது. "அடைப்பு எடுத்தா போயிடும்," என்றேன். ஜன்னலுக்குக் கீழே ஓதம் பூத்திருந்தது. "வெளிப்பக்கம் ஓரத்துல சிமெண்ட் வச்சா சரியாயிடும்." ஒரு பிளக் பாயிண்ட் சுவரை விட்டு வெளியே வந்து ஆடியது. "ரெண்டு திருகாணி வேலை." அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரும்மா நீ? என் தங்கச்சியை எங்க அடைச்சு வச்சிருக்க?"

எல்லாரும் சிரித்தோம். புரோக்கர்தான் அதிகமாகச் சிரித்தான்.

மாடியில் கூடத்துக்கு நேர் மேலே ஒரு அறை. அக்கா மகளுக்கு என்று முடிவாகிவிட்ட அறை. மேசை எங்கே, கட்டில் எங்கே என்று அக்கா காட்டிக்கொண்டிருந்தாள். நான் கதவில் சாய்ந்து நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். என் கை தானாக மேலே போய்க் கதவின் மேல் விளிம்பைத் தடவியது. பழக்கதோஷம்.

கதவு மேல் விளிம்பை யாரும் துடைப்பதில்லை. எவ்வளவு சுத்தக்காரி வீடாக இருந்தாலும் அங்கே வருடக்கணக்கான தூசி விரலில் ஒட்டும். இங்கே தூசியே இல்லை. சொரசொரவென்று பெயிண்ட் படாத பச்சை மரம் தட்டுப்பட்டது. விரலை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓட்டினேன். விளிம்பு சரிந்துகொண்டே போய், அந்த முனையில் ஒரு விரற்கடை குறைந்திருந்தது. யாரோ கதவை இழைத்திருக்கிறார்கள். பார்க்கிற பக்கம் முழுக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்காத பக்கத்தை விட்டுவிட்டார்கள்.

மழைக்கு ஊதின கதவை எல்லாரும்தான் சீவுவார்கள். ஆனால் அதைச் சமமாகச் சீவுவார்கள். சாய்வாகச் சீவ வேண்டி வந்தால், கதவைத் தாங்குகிற நிலை கோணிவிட்டது என்று அர்த்தம். நிலை கோணினால் அதற்குக் கீழே ஏதோ இறங்குகிறது.

அக்காவின் தண்ணீர் பாட்டிலை வாங்கி, குடிக்கிற மாதிரிக் குடித்துவிட்டுத் தரையில் படுக்க வைத்தேன். அது அறையின் நடுப்பக்கமாக உருண்டு போனது. இன்னொரு மூலையில் வைத்தேன். அங்கிருந்தும் நடுவுக்கே வந்தது.

கீழே இறங்கினேன். கூடத்துத் தரையில், நட்டநடுவில், ஒரு சாண் அகலத்துக்கு டைல்ஸ் மட்டும் கொஞ்சம் புதுசு. நேர்கோடாக ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போனது. நிமிர்ந்து பார்த்தேன். அதற்கு நேர் மேலே கூரையில் நீளமாகப் பட்டி பூசி மறைத்த தடம். அங்கே ஒரு சுவர் இருந்திருக்கிறது. இது தூண் போட்டுக் கட்டிய வீடு இல்லை, சுவர்கள்தான் மாடியைத் தாங்குகின்றன. கூடம் பெரிசாகத் தெரிய வேண்டும் என்று தாங்குகிற சுவரையே எடுத்துவிட்டார்கள்.

புரோக்கர் காகிதங்களை மேசையில் பரப்பினான். அக்கா பேனாவைத் திறந்தாள்.

"அக்கா, ஒரே ஒரு விஷயம்."

"ஆரம்பிச்சுட்டியா?" பேனாவை மேசையில் அடித்தாள். "என்னைக்காவது ஒரு வீட்டை நல்லாருக்குன்னு உன் வாயால சொல்லியிருக்கியாடி? நான் சாகுற வரைக்கும் வாடகை வீட்லயே கிடக்கணும், அதானே உனக்கு?"

"நாப்பது வருஷமா நிக்கிற வீடும்மா," என்றார் வீட்டுக்காரர். "இவங்க வந்து பாத்ததும் விழுந்துடுமா?"

"எக்ஸ்ரே மேடத்துக்கு எந்த வீடுதான் புடிச்சிருக்கு?" என்றான் புரோக்கர்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் கரையான் குரல் வந்துவிடும்.

"அக்கா, தொட்டி அடைப்பைப் பாத்தேன், விட்டேன். ஓதத்தைப் பாத்தேன், விட்டேன். பிளக் ஆடுது, அதையும் விட்டேன். ரெண்டாவது வீட்ல நான் பண்ணினது தப்பு. அது நல்ல வீடு. உனக்கு வேண்டிய வீடு. நான்தான் உன்னைப் பயமுறுத்திட்டேன். அதுக்கு என்னை எவ்வளவு வேணா திட்டு. ஆனா இதை விட மாட்டேன். நீ இன்னும் ஏழு வருஷம் பேசாட்டியும் விட மாட்டேன். மேல வா, கையால தொட்டுப் பாரு. அப்புறமும் போடணும்னா போடு."

இரண்டாவது வீட்டைப் பற்றி நான் அப்படிச் சொல்வேன் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை என நினைக்கிறேன். பிறகு எழுந்து விறுவிறுவென்று மாடி ஏறினாள்.

அவள் குள்ளம். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அந்தக் கதவின் மேல் விளிம்பைத் தடவச் சொன்னேன். பிறகு பக்கத்திலிருந்த குளியலறைக் கதவின் விளிம்பை இன்னொரு கையால் தடவச் சொன்னேன். ஒரு கை சுத்தம், இன்னொரு கை கரி. சுத்தமான கையைத்தான் அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவர் போன கதையைச் சொன்னேன், நிதானமாக.

கீழே வந்து வீட்டுக்காரரிடம் ஒரே கேள்வி கேட்டாள். "உங்க பிள்ளைங்க எங்க படுக்கிறாங்க?"

"மேலதான் மேடம், அருமையான காத்து..." என்று புரோக்கர் முந்திக்கொண்டான்.

"இல்லைங்க." சமையலறை வாசலில் ஈரக்கையோடு வீட்டுக்காரர் மனைவி நின்றிருந்தாள். "ஒரு வருஷமா எல்லாரும் கீழ, பின் ரூம்லதான். கதவு சிக்கிக்கிட்டுப் பெரியவ உள்ளயே மாட்டிக்கிட்டா. இடிச்சுத் தள்ளித்தான் வெளிய எடுத்தோம். அப்புறம் ரெண்டு தடவை தச்சரை வச்சுச் சீவியாச்சு."

"நீ உள்ள போ," என்று வீட்டுக்காரர் அதட்டினார்.

"ரெண்டு தடவையா?" என்றேன் நான். அப்படியென்றால் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. "அண்ணே, வீட்டை விக்கிறது இருக்கட்டும். இன்னைக்கே கூடத்துக்கு முட்டுக் கொடுங்க. இன்ஜினியரைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் மாடிக்கு யாரையும் விடாதீங்க." அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவர் மனைவி பார்த்தாள், தலையாட்டினாள்.

அக்கா பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்று, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வீட்டுக்காக ஒரு மனுஷி அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போகத் தைரியம் வரவில்லை.

புரோக்கர் கேட் வரைக்கும் வந்தான். "பரவால்ல மேடம். நாலு மணிக்கு வேற பார்ட்டி வருது. கைக்குழந்தையோட வர்றாங்க. நல்லவேளை, அவங்களுக்கு உங்களை மாதிரி தங்கச்சி கிடையாது."

"அப்ப நான் இங்கயே நிக்கிறேன்."

"என்ன மேடம், விளையாடுறீங்களா?"

"இது தெருதானே? உங்க வீடு இல்லையே. நாலு மணி வரைக்கும் நிப்பேன். அஞ்சு மணிக்கு இன்னொருத்தர் வந்தா அதுவரைக்கும் நிப்பேன்."

"உங்க ஆபீசுக்கு வேலை வர்றதே எங்களை மாதிரி ஆளுங்களாலதான். ஒரு போன் போட்டா போதும்."

"போடுங்க. நம்பர் இல்லேன்னா நானே தர்றேன்."

கேட்டைப் பிடித்துக்கொண்டேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது. பின்னால் அக்கா ஸ்கூட்டரைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. போகட்டும், அவளாவது வீட்டுக்குப் போய்ப் படுக்கட்டும் என்று நினைத்தேன்.

சத்தம் நின்றுவிட்டது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்து ஒரு பக்கமாகத் தள்ளினாள். புரோக்கரின் முகத்துக்கு நேரே, கேட்டின் நடுவில் நின்றுகொண்டாள்.

"நீ வாயே திறக்காத. உன்னை யாரும் நம்ப மாட்டாங்க," என்றாள். "இந்த வீட்டுக்காக அழுதவ நான். நான் சொல்றேன்."