ரெய்க்யவிக்கில் குளிக்கும் முறை

மகன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணை விமான நிலையத்தில் முதன்முதலாகப் பார்க்கிற தாய் என்ன சொல்வாள்? வா கண்ணு என்பாள், பயணம் சௌகரியமா என்பாள். ஸ்வான்தீஸ் சொன்னது இதுதான்: "கார் கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திற. இல்லேன்னா காத்து பிடுங்கிட்டுப் போயிடும்."

தப்பாக நினைக்கக் கூடாது. முப்பது வருஷமாக ரெய்க்யவிக் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் அவள். அவளுக்குப் பாசம் வந்தாலும் அது பாடமாகத்தான் வாயில் வரும். அன்றைக்குப் பாசம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. வந்து இறங்கிய மாரிசெல், சின்ன உருவமும் பெரிய பெட்டியுமாக, காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். பிலிப்பைன்ஸில், செபு என்ற ஊரில், ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. கப்பல் இன்ஜினியரான மகன் ஸ்டெய்ந்தோர் அங்கே பல்வலியோடு போய்க் கல்யாணப் பேச்சோடு திரும்பியவன். அவனே வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. புயலில் கப்பல் நடுவழித் துறைமுகம் ஒன்றில் மாட்டிக்கொண்டதால் அம்மா வந்திருந்தாள்.

ஆங்கிலம் இரண்டு பேருக்குமே இரவல்தான், அதனால் தகராறு இல்லை.

"குடை கொண்டு வந்திருக்கியா?" என்று கேட்டாள் ஸ்வான்தீஸ், வண்டியை எடுத்தபடியே.

"ரெண்டு வெச்சிருக்கேன்."

"ரெண்டையும் பெட்டியிலயே விட்டுடு. இங்க குடை பிடிக்கிறது டூரிஸ்ட்டுங்க மட்டும்தான். அஞ்சு நிமிஷத்துல கம்பிதான் கையில நிக்கும். தண்ணி பாட்டில் வாங்கறவங்களும் அவங்கதான். குழாயில வர்ற பச்சைத் தண்ணியைவிட நல்ல தண்ணி உலகத்துல கிடையாது. வெந்நீர் மட்டும் அழுகின முட்டை மாதிரி நாறும், பூமிக்குள்ளேர்ந்து வர்றது. மூணாம் நாள் உனக்கே நாறாது."

"சரி மேடம்."

"மேடமும் கிடையாது. பாதிரியாரானாலும் பிரதமரானாலும் இங்க பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்."

"சரி மே... ஸ்வான்தீஸ்."

"ரவுண்டானாவுல உள்பக்கம் வர்றவனுக்குத்தான் வழி."

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதே."

"தெரிஞ்சு வெச்சுக்கோ."

இந்தப் பெண் சிரித்தாள். பயந்த சிரிப்பில்லை, நல்ல சிரிப்பு. ஸ்வான்தீஸுக்கு அங்கேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

சிக்கல் ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் வந்தது. ஆட்டுக்கறி சூப்பை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே ஸ்வான்தீஸின் கணவன் ஆர்ன்கிரிம் மனைவியின் பெருமையைப் பேச ஆரம்பித்தான். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், நாள் முழுக்க ஏணி மேல் தனியாக இருப்பவன். கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டான்.

"இவளுக்குப் போன வருஷம் ஆபரேஷன் ஆச்சு, தெரியுமில்ல? மார்புல. தண்ணியில இறங்கலாம்னு டாக்டர் சொன்ன மறுநாளே நீச்சல் குளத்துக்குப் போயிட்டா. அன்னிலேர்ந்து ஒரு காலை தவறினதில்ல. நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், என் பொண்டாட்டி மாதிரி தைரியசாலி இந்தத் தீவுலயே கிடையாதுன்னு."

"ஸ்டெய்ந்தோரும் அதான் சொன்னாரு," என்றாள் மாரிசெல். "மியூசியம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல் நாள் காலையில அம்மாகூடக் குளத்துக்குப் போ, ஊரே அங்கதான் இருக்கும்னாரு. நீச்சல் உடைகூட வாங்கிட்டு வந்துட்டேன்."

ஸ்வான்தீஸின் கரண்டி சூப்பிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் அவள் குளத்துக்குப் போவதே இல்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக, ஒரு நாள்கூட இல்லை. காலை ஏழு மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். குளத்தின் வாசலில், வண்டிகள் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில், காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பாள். பிறகு பெட்ரோல் பங்க்கின் கழிப்பறையில் தலையை நனைத்துக்கொள்வாள், நீச்சல் உடையையும் துண்டையும் நனைத்துப் பிழிந்துகொள்வாள், வீட்டுக்கு வருவாள். எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்கிறவள், பொய்யையும் அப்படியே செய்தாள். முதல் நாள் உண்மையிலேயே போகத்தான் கிளம்பினாள். கால் வரவில்லை. திரும்பி வந்தபோது ஆர்ன்கிரிம் காபியோடு வாசலில் நின்று, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைப் பார்ப்பது போல் முகம் மலர்ந்து, "தண்ணி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். "நல்லா இருந்துச்சு," என்றாள். அந்த முகத்தைப் பார்த்து வேறென்ன சொல்வது? அப்புறம் தினமும் அதையே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் காலை காற்று இரைந்தது. போகாமல் இருந்துவிடலாம் என்று ஸ்வான்தீஸுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. கீழே வந்தால் மாரிசெல் பையோடு வாசலிலேயே நிற்கிறாள், பூட்ஸைக்கூடச் சரியான காலில் மாட்டிக்கொண்டு. ஆர்ன்கிரிம் கையசைத்தான். இனி எங்கே தப்பிக்க?

வழியெல்லாம் பாடம் நடந்தது. "உள்ள நுழைஞ்சதும் பூட்ஸைக் கழட்டி வாசல்லயே வை. பெட்டகத்துல துணியெல்லாம் வெச்சுப் பூட்டு. எல்லாத்தையும். நீச்சல் உடையைக் கையில எடுத்துக்கிட்டு ஷவருக்குப் போ. சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் குளி, அப்புறம்தான் உடை."

"கையிலயா? அப்ப உடம்புல?"

"ஒண்ணும் இல்லாமத்தான். குளத்துத் தண்ணியில குளோரின் மருந்து ரொம்பப் போட மாட்டாங்க, அதனால அழுக்கோட யாரையும் இறங்க விட மாட்டாங்க."

"எல்லார் முன்னாடியுமா?" மாரிசெல்லின் குரல் உள்ளே போய்விட்டது. "எங்க ஊர்ல நீச்சல் உடைக்கு மேல டி-ஷர்ட் போட்டுக்கிட்டுத்தான் நாங்க கடல்லயே இறங்குவோம்."

"பொம்பளைங்க மட்டும்தான். யாரும் பாக்க மாட்டாங்க."

அது உண்மைதான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஸ்வான்தீஸ் அந்த ஷவர்களின் கீழே வளர்ந்தவள். தொந்தி, தழும்பு, சுருக்கம், கர்ப்பம் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் நின்று சோப்புப் போடும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆனால் வெகு காலத்துக்கு முன்பு ஒரு பெண், ஒரு மார்பு இல்லாதவள், அவள் பக்கத்து ஷவருக்கு வந்தாள். ஸ்வான்தீஸ் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிச் சோப்பைத் தேடினாள். சோப்பு கையிலேயேதான் இருந்தது. அந்தத் திரும்பலுக்குத்தான் இப்போது அவள் பயந்தாள். முன்பெல்லாம் யாரும் அவளைப் பார்க்காதது அவளைப் பற்றி ஒன்றும் நினைக்காததால். இனிமேல் பார்க்காமல் இருக்க அவர்கள் முயற்சி செய்வார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது.

உடை மாற்றும் அறையில் அவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "எனக்கு ஒரு போன் பேசணும். நீ போ, பின்னாலயே வரேன்."

மாரிசெல் துண்டைச் சுற்றிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு குரல் அறையே அதிரக் கேட்டது. குளியலறையைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளின் குரல். அந்தக் குரலுக்கு அமைச்சர்களும் பயப்படுவார்கள். ஸ்வான்தீஸ் வாசல்வரை போய் எட்டிப் பார்த்தாள். நினைத்தபடிதான். இந்தப் பெண் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் டி-ஷர்ட்டையும் போட்டுக்கொண்டு, ஷவரின் கீழே நின்றாள். அந்த அம்மாள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். எங்கெங்கே சோப்புப் போட வேண்டும் என்று சிவப்பு மையில் குறித்த மனித உருவம். மாரிசெல் நனைந்த கோழியாக நின்றாள். வாய் கோணிக்கொண்டு வந்தது. மற்றப் பெண்களெல்லாம் மரியாதையாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ரவுண்டானா நடுவில் வண்டி நின்றுபோய், பின்னால் பத்துப் பேர் ஹாரன் அடிக்க, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளைகளை ஸ்வான்தீஸ் எத்தனையோ பார்த்திருக்கிறாள். ஒருத்தரையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போனதில்லை. அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

திரும்பி வந்து கோட்டைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். உள்ளாடையை, அதன் இடப்பக்கம் செருகியிருந்த பஞ்சுப் பொதியோடு சேர்த்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினாள். உடையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே ஷவருக்கு நடந்தாள்.

அந்த அம்மாள் பேச்சை நிறுத்தினாள். "வந்துட்டியா ஸ்வான்தீஸ்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, காய்ந்து கிடந்த தரையைத் துடைக்க ஆரம்பித்தாள். அந்த வரிசைப் பெண்கள் இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எல்லாம் அவள் பயந்தபடியே நடந்தது.

ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்க மட்டும் அவள் மறந்திருந்தாள். இங்கே பார்க்கக் கூடாது என்பதை. மாரிசெல் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், கிட்டே வந்து, அந்தத் தழும்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

தைரியசாலி என்று எல்லாரும் சொன்னார்கள். நீ நல்லாத்தான் இருக்கே என்று சொன்னார்கள். இந்த ஒரு கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஸ்வான்தீஸ் தண்ணீருக்கு அடியில் நின்றபடியே அழுதாள். நல்ல வேளை, அங்கே எல்லார் முகமும் நனைந்துதான் இருந்தது.

"குளிர்னா இழுக்கும்," என்றாள். "சில நேரம் அரிக்கும். சொறிஞ்சா சொறியறதே தெரியாது. மரத்துக் கிடக்கு. பாக்கவும் நல்லா இல்ல."

மாரிசெல் யோசித்தாள். "நல்லாத்தான் இல்ல. தையலைக் கோணலாப் போட்டிருக்காங்க. எங்க டாக்டர் பல்லைப் பிடுங்கிட்டுப் போடற தையலே இதைவிட நேரா இருக்கும்."

ஸ்வான்தீஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் தழும்பு இழுத்தது, இழுத்தாலும் நிறுத்த முடியவில்லை. கூடவே மாரிசெல்லும் சிரித்தாள்.

"சரி, இப்ப நீ கழட்டு."

"நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க."

"நீ மட்டும் என்னை முழுசாப் பாத்தியே!"

"அது வேற. நீங்க பழக்கப்பட்டவங்க."

குளித்து நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால், பனியும் மழையும் கலந்து அடித்தது. குளத்தை ஒட்டிய வெந்நீர்த் தொட்டியில் ஆவிக்கு நடுவே இரண்டு தலைகள் தெரிந்தன. மீன் கடைக்காரர் பெர்க்ஸ்வெய்ன், பெண் பாதிரியார் ஹால்பிரீதுர். இருபது வருஷமாகக் காலையில் அந்தத் தொட்டியில் நாட்டை ஆண்டு வருபவர்கள்.

"தள்ளி உக்காரு ஹால்பிரீதுர், ஆள் வந்தாச்சு," என்றார் பெர்க்ஸ்வெய்ன். பிறகு ஸ்வான்தீஸிடம், "தினமும் பெட்ரோல் போட்டு வந்து கார்லயே உக்காந்துட்டுப் போனதுக்கு, டிக்கெட் எடுத்திருந்தா மலிவா முடிஞ்சிருக்கும்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரியுமா உங்களுக்கு?"

"கார் தலையில ஓட்டுநர் பயிற்சின்னு அவ்வளவு பெரிய போர்டை வெச்சுக்கிட்டு ஒளிஞ்சு உக்காந்தா எப்படித் தெரியாம இருக்கும்? நாங்க அதைத் தாண்டித்தான உள்ள வர்றோம்?"

"அப்ப ஒருத்தராவது வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கலாமில்ல?"

இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்கள். "நான் தட்டறேன்னுதான் சொன்னேன். இவதான் வேண்டாம்னா," என்றார் பெர்க்ஸ்வெய்ன்.

"நீயா வருவ, நாம போய் நிக்கக் கூடாதுன்னு இருந்தேன்," என்றாள் ஹால்பிரீதுர்.

"தட்டியிருக்கணும்."

"ஆமா," என்றாள் ஹால்பிரீதுர். "தட்டியிருக்கணும். என் தப்புதான்." தண்ணீருக்கு அடியில் அவள் கை வந்து ஸ்வான்தீஸின் கையைப் பிடித்துக்கொண்டது. மாரிசெல் கழுத்துவரை முங்கி, கண்ணை மூடிக்கொண்டு, இந்த ஊர் எனக்குப் பிடிச்சிருக்கு என்று யாரும் கேட்காமலேயே சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்வான்தீஸ் பாடம் எதுவும் எடுக்கவில்லை. ஆர்ன்கிரிமைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் கதவைத் தாழ் போட்டுக்கொண்டுதான் உடை மாற்றுகிறாள். அவனும் படுக்கையறைக்கு வெளியே நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். தன் சொந்த அறைக்கு விருந்தாளி மாதிரி. அவளுக்கு அது முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, அவனுக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. தோன்றியதை அவள் கேட்டதில்லை.

மாரிசெல் சமையலறையில் போனில் ஸ்டெய்ந்தோரிடம் குளத்துக் கதையைக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஸ்வான்தீஸ் மாடிக்குப் போய்க் கணவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து கதவுக்கு வெளியே நின்று இருமினான்.

"இருமாத. உள்ள வா."

வந்தான். தலையில் ஈரம் சொட்ட, கட்டிலருகே நின்றிருந்தாள் அவள்.

"ஒரு வருஷமா உன்கிட்ட பொய் சொல்லிட்டு இருந்தேன் ஆர்ன்கிரிம். நான் குளத்துக்குப் போகவே இல்ல. இன்னிக்குத்தான் போனேன்."

அவன் முகம் வாடிவிட்டது. எத்தனை பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பான். "ஏன்?" என்றான்.

அவள் சட்டையின் பொத்தான்களைக் கழற்றித் திறந்தாள். "இதுக்காகத்தான்."

அவன் கண்கள் உடனே ஜன்னலுக்குப் போயின.

"ஜன்னல்ல என்ன இருக்கு? இங்க பாரு."

பார்த்தான். நிதானமாக, பெயிண்ட் அடிக்கப் போகிற சுவரைப் பார்க்கிற மாதிரி, ஒரு இடம் விடாமல் பார்த்தான்.

"நீ கதவைச் சாத்திக்கிட்டதால, நான் பாக்கிறது உனக்குப் பிடிக்கலைன்னு இருந்துட்டேன்."

"உனக்குப் பாக்கப் பிடிக்கலைன்னுதான் நான் சாத்திக்கிட்டேன்."

ஆர்ன்கிரிம் கட்டிலில் உட்கார்ந்தான். பிறகு கையை நீட்டி, தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"கை சில்லுனு இருக்கு," என்றாள் அவள்.

"எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் ஸ்வான்தீஸ்.