புகையைத் தின்னும் அடுப்பு

துபாய் சத்வாவில் நாங்கள் குடியிருந்த பழைய வில்லாவில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால், அதற்கு நான் பொறுப்பில்லை. ஒரே வீட்டைப் பலகை அடித்து நான்காகப் பிரித்து வாடகைக்கு விட்ட அரபியைத்தான் கேட்க வேண்டும். பலகைக்கு அந்தப் பக்கம் ஜுலைஹா பீவி தும்மினால், இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கிறிஸ்துதாஸ் தூக்கத்திலேயே "ஆண்டவரே" என்பார்.

ஆகவே தொண்ணூற்றேழு பிப்ரவரியில், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்து ஈசா பாயிடம் பேசியதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. காதில் விழுந்தது.

ஈசா பாய் ஜுலைஹா ராத்தாவின் கணவர்; ராத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா. இரண்டு பேரும் காயல்பட்டினம். வில்லாவின் பின்முற்றத்தில் தகரக் கூரை போட்டு, லைசென்ஸ் எடுத்து, களறிக் கறி சமைத்து விற்றார்கள். அவர்கள் ஊர்க் கல்யாணச் சாப்பாடு அது. தேராவிலிருந்தெல்லாம் ஆட்கள் டாக்ஸி பிடித்து வருவார்கள். வாசனை எங்கள் வீட்டுக்கு வரும், கூடவே புகையும் வரும். நான் கிளினிக்கில் நர்ஸ். துவைத்துக் காயப்போட்ட வெள்ளை யூனிபார்மை எடுத்து மாட்டினால் சுட்ட கருவாடு போல மணக்கும். இதை நான் முனிசிபாலிட்டியில் சொல்லவில்லை. மளிகைக் கடையில் சொன்னேன். தையல்காரரிடம் சொன்னேன். டூட்டிக்குப் போகிற வேனில் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டுப் போன் போட்டது யார் என்பது கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

இன்ஸ்பெக்டர் பாதி அரபியும் பாதி இந்தியுமாகச் சொன்னதன் சாரம் இதுதான்: இது வீடுகள் உள்ள இடம், இங்கே புகை கூடாது. விறகு எரிக்கலாம், புகை வராத அடுப்பில் எரிக்க வேண்டும். பத்து நாள் தவணை. பத்தாம் நாள் வந்து பார்ப்பார். புகைபோக்கிக் குழாயில் புகை தெரிந்தால் பூட்டு, லைசென்ஸ் கலாஸ்.

"கேஸுக்கு மாறிடுங்களேன் ராத்தா" என்று நான் பலகைக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னேன்.

"சிலிண்டர் வைக்கத் தனி ரூம் கட்டணுமாம் சிஸ்டர். பெர்மிஷனுக்கே மூணு மாசமாம். பத்து நாளுக்குள்ள நான் எந்த ரூமைக் கட்ட? எந்தத் தலையை வைக்க?"

லைசென்ஸ் போனால் விசா போகும். ஆறு மாதத்துக்கு முன்புதான் பொது மன்னிப்பு என்று சொல்லி, காகிதம் இல்லாதவர்கள் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு ஏர்போர்ட்டில் நின்றதைப் பார்த்திருந்தோம். அந்த வரிசை ஜுலைஹா ராத்தாவின் கண்ணுக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தது. மகள் ஸஹ்ராவுக்கு மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பரீட்சை. ஹால் டிக்கெட் துபாயில், பிள்ளை காயல்பட்டினத்தில் என்றால் ஒரு வருஷம் மண். அதனால் பத்து நாளில் ஓர் அடுப்பு வேண்டும்.

முதலில் பெரிய கடை ஒன்றுக்குப் போனார்கள். இங்கிலீஷ் பேச ஸஹ்ரா, தேர்ந்தெடுக்கக் கிறிஸ்துதாஸ். இவர் ஒரு பெரிய லாண்டரியில் பாய்லர் டெக்னீஷியன் என்பதால், நெருப்பு சம்பந்தப்பட்ட எல்லா விஷயத்திலும் தன்னிடம்தான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் உண்டு. நான் சும்மா போனேன். கடைக்குள் ஏசி விறைத்தது. நடுவில் கருப்பு இரும்பில், கண்ணாடிக் கதவு வைத்து, ஓர் அடுப்பு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஸஹ்ரா அட்டையைப் படித்தாள். "வாப்பா, ஸ்மோக் கன்ட்ரோல் ஏரியாவுக்கு அப்ரூவ்ட்னு போட்டிருக்கு. லண்டன்ல இதுதான் வச்சுக்கணுமாம்."

ஈசா பாய் அடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "அண்டாவை எங்கம்மா வைக்க?"

"இது சமைக்க இல்ல வாப்பா. ரூமை ஹீட் பண்ண."

"துபாயிலயா?" என்றேன் நான். விற்பனையாளர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

ஈசா பாய்க்கு அதை விட மனமில்லை. லண்டனே ஒத்துக்கொண்ட அடுப்பாயிற்றே. "மேலே ஒரு சட்டி வச்சாவது..." என்று இழுத்தார். கிறிஸ்துதாஸ் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "பாய், சின்ன அடுப்புல பெரிய அண்டாவ வச்சியன்னா வெறவ திணிப்பிய. திணிச்சா அது மூச்சு முட்டும். மூச்சு முட்டுனா பொகதான். பாத்திரத்துக்கு ஏத்த அடுப்பு வேணும் கேட்டியளா."

அடுத்தது ஷார்ஜாவில் ஒரு பட்டான் வெல்டரின் பட்டறை. எண்ணெய் டிரம்மை வெட்டி, அடியில் ஃபேன் வைத்திருந்தார். ஸ்விட்சைப் போட்டதும் தீ 'கோ'வென்று எழுந்தது. புகை இல்லை. ஈசா பாயின் முகத்தில் மூன்று நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது. ஆனால் அந்த ஃபேன் சாம்பலையும் எரியாத துகளையும் சேர்த்து ஊதித் தள்ளியது. நிமிஷத்தில் நாங்கள் நால்வரும் கழுதை நிறத்துக்கு வந்துவிட்டோம். ஃபேனை நிறுத்தினாலோ தீப்பிடித்த வீடு மாதிரி புகைந்தது.

"இதையே எடுத்துக்கிடுவோம் தாசு. நாள் போவுது" என்றார் ஈசா பாய்.

"பொகைக்குப் பதிலு சாம்பலு. இன்ஸ்பெக்டருக்க வெள்ளை அங்கி, அந்தக் கந்தூராவுல விழட்டும், அப்பத் தெரியும்."

ஏழாம் நாள் கிறிஸ்துதாஸ் அல்கூஸ் பழைய இரும்புக் கடையில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மூடிப்போன ஏதோ கேம்ப் சமையலறையில் கிடந்ததாம். இரண்டு சுவர் வைத்த உருளை, உள்ளே சூளைக்கல், மேல்விளிம்பைச் சுற்றி வரிசையாகத் துளைகள். பார்த்தால் வெடிகுண்டு மாதிரி இருந்தது. ஆனால் அண்டா அதன் வாயில் அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

"கீழ ஒரு காத்து போவும். ரெண்டு சுவருக்கு எடைல ஒரு காத்து சூடாயி ஏறி, மேல இந்த ஓட்ட வழியா வரும்" என்று பாடம் நடத்தினார். "பொகன்னா என்ன? எரியாத வெறவு. அது வெளிய போறதுக்கு முந்தி இந்தக் காத்து அத அங்கனயே எரிச்சிப் போடும். ஆனா ஒண்ணு பாய். வெறவு காஞ்சதா இருக்கணும். ரெண்டத் தட்டுனா மணி மாதிரிக் கேக்கணும். பெருவிரல் கனத்துக்குக் கீறிப் போடணும். காத்து ஓட்டய அடைக்கப்பிடாது."

எட்டாம் நாள் வெள்ளோட்டம். கூரைக்கு மேலே ஏற்றிய குழாயை நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். புகையே இல்லை. குழாய் வாயில் காற்று மட்டும் தண்ணீர் மாதிரி நெளிந்தது. ஈசா பாய் மாடிப்படியில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்ப்பது போல நன்றாகப் பார்த்தேன். ஒன்பதாம் நாளும் அப்படியே.

பத்தாம் நாள் வியாழக்கிழமை. கிறிஸ்துதாஸ் டூட்டிக்குப் போய்விட்டார். எனக்கு லீவு. பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டரின் வண்டி தெருமுனையில் திரும்பியதை நான்தான் முதலில் பார்த்தேன். திரும்பிக் கூரையைப் பார்த்தால், குழாயிலிருந்து மஞ்சளும் சாம்பலுமாகப் புகை, கம்பளி மாதிரி கனமாக, எழும்ப மாட்டாமல் என் துணிக்கொடி மீதே சரிந்து வந்தது.

இன்ஸ்பெக்டர் வயதானவர். கத்தவில்லை. பையிலிருந்து சீல் வைக்கிற கம்பியை எடுத்தார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஸாப், நேத்து வரைக்கும் புகை இல்ல, மாஃபி. வல்லாஹி மாஃபி!" ஈசா பாயின் குரல் கிழிந்தது. "பச்சி கா இம்திஹான், புள்ளைக்குப் பரீட்சை ஸாப். ஒரு மாசம்தான் ஸாப்!"

ஸஹ்ரா கணக்குப் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாள். ராத்தா அடுப்பின் முன்னால் குந்தி, வாயால் ஊதிக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து வடிவது புகைக்கா வேறெதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் அந்தப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மதியம் லுஹர் தொழுதுவிட்டு வருவேன். அப்போதும் புகை இருந்தால் என்னிடம் பேச வேண்டாம்" என்று சொல்லிக் கம்பியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

நான் ஓடிப்போய் லாண்டரிக்குப் போன் போட்டேன்.

"அடுப்பு கெட்டுப் போச்சுங்க!"

"அடுப்பு கெடாது மேரி. என்ன வெறவு போட்டாவ?"

பலகைக்கு மேலாகக் கேட்டேன். ராத்தா காட்டினாள். இரண்டு நாளாகச் சமையல் முடிந்ததும், பாதி எரிந்த கட்டைகளை வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, சாக்குக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அவள் உம்மா வீட்டில் அப்படித்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எரிகிற கட்டையை முழுக்க எரிய விட்டுப் பார்த்துக்கொண்டு நிற்க நம் ஊர்ப் பெண் யாருக்கு மனம் வரும்? நம் ஊரில் மறுநாள் அடுப்புக்கு முதல் விறகே முந்தின நாள் கொள்ளிக்கட்டைதான். இன்று காய்ந்த விறகும் தீர்ந்துபோய், சாக்கிலிருந்த மிச்சத்தை எல்லாம் உள்ளே போட்டிருக்கிறாள். அத்தனையும் உள்ளே ஈரம்.

அதை அப்படியே போனில் ஒப்பித்தேன். பிறகு கிறிஸ்துதாஸ் சொன்னார்: "தண்ணி தெளிக்காதியன்னு நான் சொல்லலியே. எனக்குத் தோணவே இல்ல. எல்லாத்தயும் வெளிய எடுக்கச் சொல்லு. காஞ்ச பலகை வேணும். பிளைவுட்டு வேண்டாம், பெயிண்ட் அடிச்சது வேண்டாம். வெறும் பலகை."

ஒன்றே கால் மணி நேரம் இருந்தது. அல்கூஸ் விறகுக் கடை வியாழக்கிழமை மதியம் திறந்திருக்காது. ஈசா பாய் தெருவில் ஓடினார். பக்கத்துக் கட்டிட சைட்டில் கேட்டு நாலு பலகை கொண்டுவந்தார், அது சிமென்ட் தண்ணீரில் ஊறியது. பழக்கடையில் பெட்டி கேட்டார். அடியெல்லாம் அழுகல் ஈரம். திரும்பி வந்து முற்றத்தின் நடுவில் நின்றார். "யா ரப்பே, ஒரே ஒரு பலகை. இந்த ஊருல ஒரு காஞ்ச பலகை கிடையாதா?" என்று ஆகாயத்தைப் பார்த்துக் கேட்டார். அவர் சட்டை முழுக்க நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

எனக்கு ஒரு பலகை தெரியும். ஐந்து நாளாகத் தெரியும். அதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரியும். எந்தச் சங்கதியையும் அரை மணி நேரம் வயிற்றில் வைத்திருக்காத நான், அதை மட்டும் ஐந்து நாள் வைத்திருந்தேன்.

"பாய்" என்றேன். "உங்க கட்டிலுக்கு அடியில பாருங்க."

ராத்தா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். 

ஈசா பாய் தேரா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், ஆசாரி ஒருவன் வந்து இறக்கி வைத்துவிட்டுப் போன பெட்டி அது. கப்பலில் சாமான் அனுப்பச் செய்வார்களே, அந்த மாதிரி வெள்ளைப் பலகைப் பெட்டி. பெயிண்ட் இல்லை, ஒன்றும் இல்லை. பாய் அதை வெளியே இழுத்தார். மூடியைத் திறந்தார். மேலே இரண்டு கம்பளி, அதன் கீழே பழைய பேப்பரில் சுற்றிய கண்ணாடிக் கிளாஸ்கள், ஸஹ்ராவின் பெருநாள் உடுப்பு, குளிர் சட்டை. எல்லாம் மடிப்புக் கலையாமல் அடுக்கியிருந்தது.

"ஜுலைஹா" என்றார். "போறதுக்குத் தயாராயிட்டியா?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க நடக்கும் நடக்கும்னு சொன்னீங்க. நடக்காதுன்னு நினைக்க வீட்டுல ஒருத்தராவது வேணும்ல?"

"என்கிட்டச் சொல்லலியே."

"சொன்னா நீங்க ஓடியிருப்பீங்களா, இந்த ஓட்டம்?"

பாய் பெட்டிக்கு முன்னால் குந்தினார். உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தார். கிளாஸ்களை நான் வாங்கிக்கொண்டேன். பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்து, இறைச்சிக் கத்தியின் பின்புறத்தால் முதல் பலகையைத் தட்டினார். மணி மாதிரித்தான் கேட்டது. பிறகு நிறுத்தவே இல்லை. அவர் உடைக்க உடைக்க ராத்தா கீற, நானும் ஸஹ்ராவும் பெருவிரல் கனத்துக்குப் பொறுக்கி அடுக்கினோம். ஈரக் கட்டைகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, சூளைக்கல் காயும் வரை முதலில் அண்டா வைக்காமல் சும்மா எரியவிட்டோம். குழாயில் வெள்ளையாக வந்தது. இன்னும் வெள்ளையாகவே வந்தது. மசூதியில் பாங்கு சொல்லி முடிந்தது. இன்னும் வந்தது.

ராத்தா கீறுவதை நிறுத்திவிட்டாள். "போதும். விட்டுடுங்க" என்றாள். பாய் விடவில்லை. பெட்டியின் அடிப்பலகையைக் காலால் மிதித்து உடைத்தார்.

அப்புறம் எப்போதோ ஸஹ்ரா, "உம்மா, மேலே பாருங்க" என்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அடுப்பின் மேல்துளைகளில் நீலமாகத் தீ நின்றது. குழாய்க்கு மேலே காற்று நெளிந்தது. அவர் தெருவுக்குப் போய்ப் பார்த்தார், கூரைக்கு ஏறிப் பார்த்தார், என் வீட்டுக் கொடியிலிருந்த யூனிபார்மைக் கூட மோந்து பார்த்தார். எல்லா நாளையும் விட அன்று அது அதிகமாக நாறியது. நான் அவசரமாக, "அது காலையில அடிச்சது ஸாப்" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தப் புகைக்கு நான் வக்காலத்து வாங்கினேன்.

காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "மூன்று மாதம். பிறகு மறுபடி வருவேன்." போகும்போது என்ன விறகு என்று கேட்டார். ஈசா பாய் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அச்சா லக்டி" என்றார், நல்ல விறகாம்.

மூன்று மாதம் பரீட்சைக்குப் போதும். அதற்கு மேல் யாரும் கணக்குப் போடவில்லை.

அன்று களறிக் கறி தாமதமாகத்தான் இறங்கியது. வந்தவர்கள் திட்டிக்கொண்டே வாங்கிப் போனார்கள். மாலையில் ஸஹ்ரா எங்களுக்கு ஒரு சட்டி கொண்டுவந்து வைத்தாள். "உம்மா கொடுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். "வாப்பா" என்றாள்.

அடுப்பில் விறகு முழுக்க எரிந்து தீர்ந்தது. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஆறிய பிறகு ராத்தா சாம்பலை அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தாள். பலகைக்கு மேலே நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். சாம்பலிலிருந்து பெட்டியின் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். வளைந்ததை எல்லாம் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கி, பால்பவுடர் டப்பாவில் போட்டு, மூடியை இறுக்கி மூடினாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் இன்ஸ்பெக்டர் மறுபடி வருவாரே.