எட்டு நிமிடத்தில் ஆறுமுகத்தாய்

என் காணொளிக்கு இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ், கைதட்டல், ஒரு பொட்டலம் மக்ரூன். அன்றைக்கு எனக்கு வந்த கர்வத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நான் சந்தனச்செல்வி. ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். துறைமுகச் சாலையில் வேலை பார்க்கும் தொழிலாளர் குடும்பங்களின் வாய்மொழி வரலாறு என் தலைப்பு. ஆய்வேட்டோடு எட்டு நிமிடக் காணொளி ஒன்றும் தர வேண்டும் என்று எங்கள் துறையில் புது விதி. அதற்கென்று மூன்று நாள் பயிலரங்கு நடத்தினார்கள். கேமராவை ஆட்டாமல் பிடிப்பது, ஒலியைச் சுத்தம் செய்வது, வெட்டு தெரியும் இடத்தில் வேறொரு காட்சியைப் போட்டு மூடுவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அசலை மூன்று இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும் என்றும் சொன்னார்கள். அதை நோட்டில் எழுதி அடிக்கோடு கூடப் போட்டேன்.

நான் பேட்டி எடுத்தது ஆறுமுகத்தாய் அக்காவை. முத்தையாபுரத்தில் வீடு. அவர் கணவர் இசக்கியப்பன் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிறவர். போன வருடம் ஒரு நிலக்கரி யார்டில், லாரியில் குவித்த கரி மேல் ஏறி நின்று கயிறு இழுக்கும்போது கீழே விழுந்து இறந்துபோனார். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது, இடுப்புக்குப் பாதுகாப்புப் பட்டையும் கிடையாது. குடித்துவிட்டு ஏறினான் என்று ஒப்பந்தக்காரர் சொல்லிவிட்டார். அக்கா நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர் துறையில் வழக்குப் போட்டிருந்தார்.

அக்கா அதிகம் பேசுகிறவர் இல்லை. நாற்பது நிமிடம் எடுத்ததில் பாதி மௌனம். அதை எட்டு நிமிடத்துக்குள் அடக்கியாக வேண்டும். கைப்பேசிச் செயலியில் மௌனத்தை வெட்ட ஒரு பொத்தான், இரைச்சலை நீக்க ஒரு பொத்தான். இரண்டையும் அழுத்தினேன். வெட்டின இடங்களில் முகம் துள்ளியது. அங்கெல்லாம் கரி லாரி வரிசையாகப் போகும் காட்சியைப் போட்டு மூடினேன். பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. கைப்பேசியில் இடம் இல்லாததால் அசலை அழித்துவிட்டு, அடுத்த பேட்டிக்குக் கிளம்பிவிட்டேன். "பேசியவரின் கருத்து எவ்விதத்திலும் மாற்றப்படவில்லை" என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். துறையின் யூடியூப் பக்கத்தில் காணொளியும் அதன் கீழே அந்தப் படிவமும் ஏறின.

ஒரு மாதம் கழித்து அக்காவின் வக்கீல் செல்வதுரை கூப்பிட்டார்.

"எம்மா, நீ நமக்கு வேண்டிய பிள்ளைன்னுல்லா நெனச்சேன். அந்த வீடியோவத்தான் எதிர்த்தரப்பு ஆவணமாக் குடுத்திருக்கான். நாலாவது நிமிசத்தப் பாரு."

பார்த்தேன். திரையில் லாரிகள் போகின்றன. என் குரல் கேட்கிறது: "அண்ணாச்சி குடிப்பாங்களாக்கா?" அடுத்த நொடியே அக்காவின் குரல்: "அது எல்லாருக்கும் தெரியும்."

முதலில் எனக்குத் தப்பாக ஒன்றுமே படவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோதுதான் புரிந்தது. அக்கா அப்படிப் பதில் சொல்லவில்லை. முதலில் "ம்ச்" என்றார். எங்கள் பக்கத்தில் நாக்கை மேலே ஒட்டி எடுத்து அப்படி ஒரு சத்தம் கொடுத்தால் இல்லை என்று அர்த்தம். முகவாய் லேசாக மேலே போகும். அவ்வளவுதான், அதற்கு மேல் வார்த்தை தேவையில்லை. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத்தான் "அது எல்லாருக்கும் தெரியும்" என்றார். அவர் குடிக்க மாட்டார், அது ஊருக்கே தெரியும் என்று சொன்னார். செயலி அந்தச் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்துவிட்டது. மௌனத்தையும் எடுத்துவிட்டது. முகவாய் மேலே போனதை நான் லாரி விட்டு மூடிவிட்டேன்.

வெளியிடும் முன் பத்துத் தடவையாவது போட்டுப் பார்த்திருப்பேன். பதில் எனக்குத் தெரியும், அதனால் காணொளியில் இல்லாததும் என் காதில் கேட்டது. ஆற்றுத் தண்ணி குடித்து வளர்ந்தவள், நாளுக்கு நூறு தடவை "ம்ச்" கொட்டுகிறவள், என்னைவிடக் கேடுகெட்டவள் யார் இருக்க முடியும்?

விசாரணைக்கு நாலு நாள் இருந்தது. அழிந்த கோப்பை மீட்டுத் தருகிறோம் என்று பலகை வைத்த கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினேன். "அதுக்கு மேல வேற நெறைய வீடியோ எடுத்திருக்கியளே, இனி வராது" என்று மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னார்கள். செயலியைத் திறந்தால் கறுப்புக் கட்டம், மூலக் கோப்பு இல்லை என்று ஒரு வரி. கூகுள் கணக்கில் தேடினேன். அங்கே என் மதினியின் வளைகாப்புப் படம் முந்நூறு இருந்தது, அக்கா இல்லை. பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன்.

யூடியூபிலிருந்து காணொளியை எடுக்கச் சொல்லி என் வழிகாட்டி ஜெபசுதா மேடத்திடம் போனேன். உடனே எடுத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார்.

"விசாரணையில போய் நான்தான் மாத்திட்டேன்னு சொல்லப் போறியா?"

"ஆமா மேடம்."

"அப்போ நீ கையெழுத்துப் போட்ட உறுதிமொழி பொய்யின்னு ஆகும். நீ அங்க சொல்றத எதிர்த்தரப்பு காப்பி எடுத்து இங்க அனுப்புவாங்க. கமிட்டி கூடும். அஞ்சு வருச உழைப்பு. நான் தடுக்கல செல்வி, தெரிஞ்சுட்டுப் போ."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது எல்லாம் நிஜம்.

அக்கா வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தார். கைப்பேசியில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். பொத்தான், இரைச்சல் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கையை ஈரத்தோடு வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

"நான் இல்லன்னுதானளா சொன்னேன்."

"ஆமாக்கா."

"நீ எதுத்தாப்லதான இருந்த. ஒனக்குக் கேக்கலையா?"

எனக்குக் கேட்டது. அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "எந்திரிளா, அக்கம்பக்கத்துல பாக்கப் போறாவ" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விசாரணை அன்று தொழிலாளர் துறை அலுவலக வராந்தாவில் நானும் செல்வதுரை வக்கீலும் அக்காவுக்கு மாற்றி மாற்றிச் சொன்னோம். "யக்கா, நாக்கால சொல்லிராதீங்க. அங்கன டைப் அடிக்கிறவருக்கு அது எழுத வராது. வாயத் தொறந்து, சத்தமா, முழுசாச் சொல்லுங்க." தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். அந்த "ம்ச்" சத்தத்தை அதிகாரி முன்னால் நானே செய்து காட்டினேன். அவருக்கும் புரிந்தது, நம் பக்கத்து ஆள்தான். "அசல் பதிவு இருக்காம்மா?" என்றார்.

"இல்ல சார். நான் அழிச்சிட்டேன்."

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு தாளை நீட்டினார். என் உறுதிமொழிப் படிவம்.

"இது உங்க கையெழுத்தா?"

"ஆமா."

"ஒண்ணும் மாத்தலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. இப்ப மாத்திட்டேன்கீங்க. எது பொய்?"

"தாள்ல இருக்கிறது பொய்."

"பட்டத்துக்காக ஒரு பொய் சொன்னவங்க, பாவம் பாத்து இன்னொண்ணு சொல்ல மாட்டாங்களா?" அவர் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி எழுதிக்கொண்டார். அஞ்சு வருடம் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதைக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லையே.

அடுத்து அக்கா. பெயர் கேட்டார்கள். "ஆறுமுகத்தாய்" என்று கத்தினார். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஊர் கேட்டார்கள், அதற்கும் அதே சத்தம். கணவர் குடிப்பாரா என்று அதிகாரி கேட்டார்.

"அவிய குடிக்க மாட்டாவ. ஒருநாளும் குடிக்க மாட்டாவ. குடிக்கவே மாட்டாவ." கையைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மனப்பாடம் ஒப்பிப்பதுபோலச் சொன்னார். கேட்காத கேள்விக்கும் அதையே சொன்னார். இடுப்புப் பட்டை கொடுத்தார்களா என்று கேட்டதற்கும் "குடிக்க மாட்டாவ" என்று ஆரம்பித்து, தடுமாறி, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாச் சொல்லிக்கொடுத்துக் கூட்டியாந்திருக்காங்க" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல், மெதுவாக. இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. ஆனால் பேனாவை மூடி வைத்துவிட்டார். அசல் பதிவு இல்லாததால் காணொளி இருக்கிறபடியே ஆவணமாக நிற்கும் என்று சொல்லி, உத்தரவுக்கு ஒரு தேதி குறித்தார்.

வாசலில் செல்வதுரை வக்கீல் எங்களுக்காக நிற்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். நானும் அக்காவும் வெயிலில் நின்றோம். தொண்டை கட்டிப்போயிருந்தது அவருக்கு. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். இரண்டு மடக்குக் குடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏளா, இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டிருக்கும்லா?"

"கேட்டிருக்கும்க்கா" என்றேன்.