குருவம்மாள் சுட்ட நாய் பிஸ்கட்

1974ஆம் வருஷம் ஆனி மாதம் பதினோராம் தேதி காலையில், வண்டன்மேட்டுக்கு மேலே செல்லத்துரை முதலாளியின் ஏலத்தோட்டத்தில், குருவம்மாளின் நாய் கருவாயன்மேல் பெய்த மழை தரைக்கு வந்து சேரவில்லை. முதுகில் பட்டதும் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி ஆவியாகி மேலே போய்விட்டது. கூலியாட்கள் குடியிருக்கும் லயத்து ஜனங்கள் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். பெரட்டில் பேர் கூப்பிடுகிற நேரமாகிவிட்டதால் அப்படியே வேலைக்குப் போனார்கள்.

முந்தைய வருஷம் அந்த நாயைப் பார்த்திருந்தால் யாரும் இதை நம்பமாட்டார்கள். உடம்பெல்லாம் சொறி. ரோமம் இருந்தது வால் நுனியில் மட்டும்தான். குருவம்மாள் தோட்டத்தில் காய் பொறுக்குகிறவள், புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆனவள், பிறந்த ஊர் வேட்டை நாய்க்குப் பேர்போன கோம்பை. கோம்பைக்காரிக்கு நாய்ப் பைத்தியம் இருந்தால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. நாயைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் அரிசி என்று பொய் சொல்லி, அரிசி வழியெல்லாம் ஊளையிட, குமுளி மிருகாசுபத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த மலையாள டாக்டர் நாயைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "தினமும் புளிக்குழம்பும் சோறும் கொடுத்தா ரோமமா முளைக்கும்?" என்று கேட்டார். உப்பு, காரம், வெல்லம் மூன்றும் கூடாது. கேழ்வரகு மாவு, கொள்ளு மாவு, வேகவைத்த பூசணி, ஒரு முட்டை எல்லாம் பிசைந்து, ஈரம் துளியும் இல்லாமல் மெதுவான சூட்டில் சுட்டுக் கொடு என்றார். மெதுவான சூட்டுக்கு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை.

லயத்து அடுப்பு மெதுவாக எரிகிற ஜாதி இல்லை. முதல் ஈடு வெளியே கரியாகவும் உள்ளே களியாகவும் வந்தது. கருவாயன் அதை மோந்து பார்த்துவிட்டு, அவள் மனசு நோகக் கூடாதென்று வாலை மட்டும் ஆட்டியது. அப்போதுதான் அவளுக்கு ஸ்டோர் ஞாபகம் வந்தது. பச்சை ஏலக்காயை உலர்த்துகிற வீட்டுக்கு அங்கே ஸ்டோர் என்று பேர். வெளியே விறகு எரியும், சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும், தட்டுகளில் காய் ஒன்றரை நாள் பொறுமையாகக் காயும். ஆனால் வேறு ஒரு பண்டமும் உள்ளே போகக் கூடாது, ஏலக்காய் பக்கத்து வாசத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. ஒரு தடவை யாரோ அங்கே நெத்திலி காயவைத்து, அந்தக் காய் பாயசத்துக்கு ஆகாமல் போனது.

ஸ்டோரில் தீப்போடுகிறவர் பிச்சைமணி. ஐம்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாத மனுஷர், மூட்டைபோல வாயைக் கட்டிவைத்திருப்பவர். குருவம்மாள் போய்க் கேட்டதும், "மொதலாளிக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் சேத்துல்ல காயப்போடுவாரு" என்றார். நாயைக் கூட்டிவந்து காட்டினாள். அது அவரைப் பார்த்தது. அவர் கடைசிக் குழாய்க்கு அடியில் இருந்த தட்டைக் காட்டிவிட்டு, ஈட்டுக்கு ஒரு பிஸ்கட் தனக்கு வேண்டும், வெந்திருக்கிறதா என்று பார்க்கணும் என்றார். முதல் பிஸ்கட்டைக் கடித்துவிட்டு வெகுநேரம் மென்றார். "உப்புமில்ல ஒரப்புமில்ல, எம் பொழப்பு மாதிரியே இருக்கு" என்றார். அவர் ஒரே மூச்சில் அத்தனை பேசி லயத்தில் யாரும் கேட்டதில்லை.

மூன்றே மாதத்தில் சொறி உதிர்ந்து, கரடிக்கே பொறாமை வரும்படி ரோமம் வந்தது. கூடவே சூடும் வந்தது. ஒன்றரை நாள் குழாயடியில் கிடந்த சூடெல்லாம் பிஸ்கட்டில் இறங்கி நாய்க்குள் குடிவந்துவிட்டது என்று லயத்தில் முடிவு செய்தார்கள். குருவம்மாள் காய்ச்சலென்று பயந்து மறுபடியும் சாக்கில் கட்டினாள். இந்தத் தடவை சாக்கு கருகியது. டாக்டர் தெர்மாமீட்டரை வைத்தார், அது மேலே வரைக்கும் ஏறி டப்பென்று வெடித்தது. கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிவிட்டு, நாய் நல்ல ஆரோக்கியம், இதையே தொடர்ந்து கொடு என்று எழுதிக் கொடுத்தார்.

பிறகு லயத்து நாய்கள் பதினொன்றும் பிஸ்கட் தின்றன. இடைவிடாத மழையில் துணி காயாமல் தவிக்கிற மலையில் அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சொன்னால் புரியாது. "மதினி, உங்க நாயக் கொஞ்சம் குடுங்க, பாவாட காயல" என்று பக்கத்து வீட்டு மூக்கம்மாள் வந்து நிற்பாள். நமுத்த தீப்பெட்டியை நாயின் வயிற்றடியில் வைத்தால் கால் மணியில் உரசலாம். அட்டைகள் அந்த நாய்களைக் கண்டு வழிவிட்டன. ஜீப் டிரைவர் சிலுவைராஜ், குளிரில் கிளம்பாத வண்டியின் பானெட்டில் ஒரு நாயைப் படுக்கவைத்து, ஒரு பீடி குடித்துவிட்டுச் சாவியைத் திருகுவார். இரண்டு மழைக்காலம் இப்படியே போனது. பங்களாவில் கணப்புப் போட்டுத் தூங்கும் முதலாளிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

1975 ஐப்பசியில், காயை ஏலம் விடும் கூடத்தில் விஷயம் உடைந்தது. காயோடு காயாக ஒரு பிஸ்கட் மூட்டைக்குள் போயிருந்தது. மாதிரித் தட்டில் கைவிட்ட போடி வியாபாரி அதை எடுத்து, உபசரிப்பு என்று நினைத்து முழுசாகத் தின்றுவிட்டு, "பலகாரம் சரி மொதலாளி, டீ எங்க?" என்றார். கூடம் கொல்லென்று சிரித்தது. அந்த வியாபாரி அன்று ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். செல்லத்துரைக்கு மானம் போய்விட்டது. தோட்டத்துக்கு வந்து இரண்டே கேள்வியில் பிஸ்கட் எங்கே வெந்தது, யார் விட்டது என்று கண்டுபிடித்தார். பிச்சைமணிக்கு அன்றே வேலை போனது. வெள்ளிக்கிழமை ஜீப்பில் அத்தனை நாய்களையும் ஏற்றிக் கம்பத்துக்கு அங்கிட்டு இறக்கிவிட்டு வர உத்தரவானது.

குருவம்மாள் காலில் விழுந்தாள். "கழுதைய விட்டுத் தள்ளுத்தா, நாயிதான!" என்றார் முதலாளி. அவள் எழுந்து வந்துவிட்டாள். மூக்கம்மாளிடம், "பத்து வருசமா நான் பேசுறத காது குடுத்துக் கேட்ட சீவன் அது ஒண்ணுதான் மதினி. அது போன பெறகு எனக்கு இந்த மலையில என்ன வேல?" என்று சொல்லி அழுதாள். பிறகு தட்டுமுட்டுச் சாமானை மூட்டை கட்டினாள்.

புதன்கிழமை மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, எதிர்வீட்டு விளக்கு தெரியாத மழை. புதிதாகத் தீப்போட வந்த ஆளுக்கு ஈர விறகின் குணம் தெரியாததால் ஸ்டோர் அணைந்தது. ஒரு தட்டு விடாமல் பச்சைக்காய். இரண்டு நாளில் பூஞ்சை பிடித்தால் அந்த வருஷத்து மகசூல் குப்பைக்குத்தான் போகும். நாய்களைத் தப்பவிட்டுவிடுவார்கள் என்று சந்தேகப்பட்ட முதலாளி, காய்தான் எப்படியும் போச்சே, தோட்டத்தில் பூட்டு உள்ள ஒரே கட்டடமும் அதுதான் என்பதால், பதினொன்றையும் ஸ்டோருக்குள் தள்ளிப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ரோடு மண்சரிந்து மூடியது, ஜீப் நகரவில்லை. சனிக்கிழமை, வீணான காயை அள்ளிப் போடலாம் என்று ஆட்களோடு வந்து கதவைத் திறந்தார். உள்ளே இருந்து வந்த அனலில் அவர் மீசை சுருண்டது. காய் அத்தனையும் சலங்கைபோலக் கலகலவென்று காய்ந்து, கிளிப்பச்சை நிறத்தில் கிடந்தது. தட்டுகளுக்கு அடியில் பதினோரு நாய்களும் அசந்து தூங்கின. கருவாயன் மட்டும் எழுந்துவந்து, ஆட்களோடு நின்ற குருவம்மாளின் ஈரச் சேலையில் முதுகைத் தேய்த்தது. சேலை காய்ந்தது. அவள் எல்லார் முன்னாலும் நாயைக் கட்டிக்கொண்டு, "ராசா, எஞ்சாமி" என்று ஓவென்று அழுதாள்.

செல்லத்துரை தொண்டையைச் செருமிக்கொண்டு, நாய்கள் இருக்கட்டும் என்றார். பிச்சைமணி வந்தால்தான் பிஸ்கட் வேகும் என்றாள் குருவம்மாள். அவரும் வரட்டும் என்றார். அவளாகவே ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். தின்றார். "ஒரு கல்லு உப்புப் போட்டா என்னத்தா?" என்றார். "டாக்டரு கூடாதுன்னுட்டாருங்கய்யா" என்றாள். விஷயம் அதோடு தீர்ந்தது. அதுமுதல் மழைக்காலத்தில் லயத்து நாய்களுக்கு ஸ்டோரில்தான் வேலை. கருவாயனுக்கு வயசாகிவிட்டதால் அது மட்டும் லயத்திலேயே தங்கி ஊர்த் துணியை உலர்த்திக் கொடுத்தது.

1979 சித்திரையில் கருவாயன் தூக்கத்தில் செத்தது. ஆறிப்போக மூன்று நாள் ஆனது, அதற்குப் பிறகுதான் புதைக்க மனசு வந்தது. அந்த மழைக்காலம் முழுக்கப் புதைத்த இடத்தில் மட்டும் புழுதி பறந்தது. குருவம்மாள் பிஸ்கட் சுடுவதை நிறுத்தவில்லை, பேச்சைத்தான் நிறுத்திவிட்டாள். ஆனி மாதத்தில் ஒரு நாள் பிச்சைமணி குடையில்லாமல் அவள் வாசலில் வந்து நின்றார். ஆறு வருஷமாக ஈட்டுக்கு ஒன்று தின்ற மனுஷர். அவர் தோளில் விழுந்த மழை ஆவியாகி மேலே போய்க்கொண்டிருந்தது. தீப்போடுகிற ஆள் சூடாகத்தான் இருப்பார் என்று அதுவரை யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. "பேசுறதுக்கு ஆளில்லன்னு கேள்விப்பட்டேன். எனக்குக் கேக்க மட்டுந்தான் தெரியும்" என்றார். அவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

மறுநாள் குருவம்மாள் தன் கம்பளியை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்ததை மூக்கம்மாள் பார்த்தாள். மழைக்காலத்தில் கம்பளியை எதற்கு உள்ளே வைக்கிறாய் என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு கூடை ஈரத்துணியோடு திரும்பி வந்தாள். "மதினி, அண்ணன் சும்மாதான உக்காந்திருக்காக, இந்தப் பாவாடய மட்டும்..." என்று இழுத்தாள்.

பிச்சைமணி இரண்டு கையையும் நீட்டினார்.