நேர்ந்துவிட்ட கூந்தலுக்கு ஒரு கண்டிஷனர்

காலையில் மதிவதனி இரண்டு தடவை தும்மினாள். தும்மியவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தோசை வார்க்கப் போய்விட்டாள். கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் புகழேந்திதான் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடுத்த தும்மலுக்குக் காதைத் தீட்டிக்கொண்டான்.

புகழேந்தி இன்சூரன்ஸ் ஏஜென்ட். வேங்கிக்காலிலிருந்து தேரடி வரை வீடு வீடாகப் போய், 'நாளைக்கே உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா' என்று ஆரம்பித்து அடுத்தவர் வயிற்றில் புளியைக் கரைப்பது அவன் பிழைப்பு. இருபது வருஷமாகக் கரைத்த புளி மொத்தமும் இப்போது அவன் வயிற்றிலேயே வந்து சேர்ந்திருந்தது.

எல்லாம் ஒரு வேண்டுதலால் வந்தது. போன ஐப்பசியில் மதிவதனிக்கு டெங்கு. பிளேட்லெட் பதினெட்டாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, ஆஸ்பத்திரி ஜன்னலில் மலை தெரிந்தது. 'அண்ணாமலையாரே, இவ பொழைச்சு வந்தா இவ முடியை முழுசா உனக்குக் குடுத்துடறேன்' என்று கைகூப்பிவிட்டான். வேறு எந்தப் புருஷனும் தன் முடியைத்தான் நேர்ந்திருப்பான். இவனுக்கு முப்பத்திரண்டு வயதிலேயே இயற்கை இலவசமாக மொட்டை போட்டுவிட்டதால் கைவசம் சரக்கில்லை.

அவள் பிழைத்து வந்தாள். விஷயத்தைச் சொல்லத்தான் அவனுக்குத் தைரியம் வரவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகச் சீப்போடு வந்ததும், அவள் குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுததும் அவனுக்குத் தெரியும். அழுதவளிடம் மிச்சத்தையும் கேட்பது எப்படி? ஒன்பது மாதம் ஓடிவிட்டது. முடி மறுபடி வளர்ந்து வருகிறது. அவள் கண்ணாடிக்கு முன்னால் நிற்கும் நேரம் கூடக் கூட, இவன் காலண்டருக்கு முன்னால் நிற்கும் நேரமும் கூடியது. கெடு தாண்டினால் பாலிசி காலாவதி என்று ஊருக்கே வகுப்பெடுப்பவன். இந்தப் பாலிசி காலாவதியானால் சாமி எதைத் திருப்பி எடுத்துக்கொள்வார் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ஏங்க, தலைக்கு ஊத்திக்கப் போறேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என் முடிக்குத் தோதா ஒரு கண்டிஷனர் பாத்து வாங்கிட்டு வாங்க."

தேரடித் தெருவில் ஜானி பாஷாவின் ஃபேன்சி ஸ்டோரில் அவர் மகள் ஃபரா நின்றிருந்தாள்.

"கண்டிஷனரா அங்கிள்? யாருக்கு?" அவன் தலையைப் பார்க்காமலிருக்க அவள் ரொம்பப் பாடுபட்டாள்.

"வீட்டுக்காரிக்கு."

"முடி எப்படி இருக்கும்? வறட்சியா, எண்ணெய்ப் பசையா? மெல்லிசா, தடிப்பா?"

"டெங்கு வந்து கொட்டிப்போய், இப்பதான் புதுசா மெல்லிசா வருது." குரலைத் தாழ்த்தினான். "ஏம்மா, சுமாரா வேலை செய்யறது ஒண்ணு இருக்குமா?"

"சுமாராவா?"

"ஜாஸ்தி பளபளப்பு வேணாம். அவங்களுக்கு அந்த முடி மேல ஆசை வந்துடக் கூடாது."

ஃபரா கையிலிருந்த பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். "மெல்லிசு முடிக்குக் கெட்டியான கிரீம் போட்டா படிஞ்சுபோயிடும் அங்கிள். லேசானது இதுதான். வேர்ல படாம நுனியில மட்டும் தடவி, ரெண்டு நிமிஷம் விட்டு அலசிடச் சொல்லுங்க. சிக்கு விழாது."

"தடவின முடியை மொட்டை போட்டா தப்பில்லையே?"

"அப்பாவைக் கூப்பிடட்டுமா அங்கிள்?"

பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

மதிவதனி பின்வாசலில் துண்டோடு காத்திருந்தாள். பாட்டிலைத் திருப்பிப் படித்தவள் மூன்றாவது தடவையாகத் தும்மினாள். புகழேந்தி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"மதி, உன் முடியை நான் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

அவன் மலை இருக்கும் திசையில் கையைக் காட்டினான்.

"என்னைக்கு?"

"ஐப்பசியில. பதினெட்டாயிரம்னு சொன்னாங்களே, அன்னிக்கு."

மதிவதனிக்குக் கலெக்டர் ஆபீஸில் மனுக்களைப் பிரித்து அனுப்பும் வேலை. "என் முடிக்கு, என் கையெழுத்து இல்லாம, நீங்க மனு போட்டிருக்கீங்க" என்றாள் நிதானமாக.

"நீ மயக்கத்துல இருந்தே."

"ஒன்பது மாசமாவா மயக்கத்துல இருக்கேன்?"

"சொன்னா மாட்டேன்னுடுவே. மாட்டேன்னு சொல்லி, மறுபடி உனக்கு..." ஊரில் எத்தனையோ வீடுகளில் அவன் சரளமாக முடித்த வாக்கியம்தான். இப்போது பாதியிலேயே விட்டுவிட்டான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க எழும்பிய கை, பாதி வழியில் திரும்பி முழங்காலுக்கே வந்துவிட்டது.

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு, குனிந்து அதை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"சுடுதா?"

"இல்ல."

"பக்கத்து வீட்ல மொளகா வறுக்கறாங்க. அதான் தும்மல்."

"காலையில வறுக்கலையே. இப்ப மூஞ்சி வேற கழுவியிருக்கே, சில்லுனுதான் இருக்கும்."

"சரி, அரை மணி கழிச்சு மறுபடி தொட்டுப் பாருங்க. அதுக்கப்புறமும் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல." பாட்டில் மூடியைத் திருகினாள். "ஆனா முடி என்னுது. குடுக்கறதா வேணாமான்னு நான் யோசிக்கணும். யோசிச்சு, அவர்கிட்ட நானே போய்ப் பேசிக்கறேன். இனிமே பயந்தா என்கிட்ட சொல்லிட்டுப் பயப்படுங்க."

தலையாட்டினான். பாத்ரூம் வரை போனவள் நின்று திரும்பினாள்.

"வேற எதையாச்சும் எழுதிக் குடுத்திருக்கீங்களா?"

"உங்கம்மா செருப்பில்லாம கிரிவலம் வருவாங்கன்னு..."

கதவு சாத்திக்கொண்டது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. புகழேந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அரை மணிக்கு இன்னும் இருபத்தெட்டு நிமிஷம் இருந்தது.