பழைய செட்டில் ஒரு கை குறைவு

எங்கள் ஊரைக் கலைத்துப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை, புது ஊரில் வீடு கேட்பதற்காக நானும் அக்காவும் ஒப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம்.

கலைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று அழுத்திக் கட்டிய ஊர்தானே. பழைய செட். வீட்டுக்கு அறுபது கட்டை, சிவப்பும் வெள்ளையும். வெள்ளையெல்லாம் வெயிலில் மஞ்சளடித்துவிட்டது. ஒரு தபால் ஆபீஸ், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தீயணைப்பு நிலையம். தீ ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. தீயணைப்பு வீரர் ஏணியில் ஏறிய நிலையிலேயே ரிட்டயர் ஆனார்.

புது செட்டின் படம் எல்லோருக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். மூன்று மாடி, பால்கனி, கீழே காபிக் கடை. பால்கனியில் ஒரு ஆண், ஒரு பெண், ஒரு நாய். ஆண் நான்தான். பெண் என் மனைவி கஸ்தூரி. ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று அவள் முன்னாலேயே போய்விட்டாள். நாய் பெட்டியோடு வருகிறது. அக்கா படத்தில் இல்லை. அதைப் பேசத்தான் வந்திருந்தோம்.

அக்கா பெயர் பூங்காவனம். எங்கள் செட்டில் அப்பா அம்மா வரவில்லை. அதனால் அக்காதான் என்னை வளர்த்தாள். அவள் எனக்கு முந்தைய தயாரிப்பு. முகத்தில் இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் அச்சு. காய்ச்சல் வந்தாலும் அதே சிரிப்பு. வலது கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை.

அந்தக் கை என்னிடம் இருக்கிறது. எனக்கு ஆறு வயதில் என் வலது கை கழன்று பீரோவுக்கு அடியில் போனது. பீரோவைத் தூக்கிப் பார்த்தோம், பீரோவுக்கு அடி முடியவே இல்லை. அக்கா தன் கையைப் பிடுங்கி எனக்கு மாட்டிவிட்டாள். "நீ எழுதணும்ல," என்றாள். அதற்குப் பிறகு முப்பது வருஷம் ஒற்றைக் கையால் எனக்குச் சமைத்துப் போட்டாள். நானும் அப்படி ஒன்றும் எழுதிக் கிழித்துவிடவில்லை.

அலுவலகத்தின் நடை நீளமாக இருந்தது. முன்னால் ஒரு ஆள் முட்டி போட்டுத் தரை பதித்துக்கொண்டே போனார். நாங்கள் நடக்க நடக்க அவரும் பதித்தார்.

"எப்பங்க முடியும்?" என்றேன்.

"நீங்க நின்னாத்தான் முடியும்."

நின்றோம். கவுன்டர் வந்துவிட்டது.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர் காத்திருந்து காத்திருந்து பூந்தொட்டி ஆகிவிட்டார். அவர் மனைவி அவரை ஓரமாக நகர்த்தி வைத்தார். வரிசையில் ஒரு ஆள் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம். மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒப்பீட்டாளர் சபாபதி கையில் ஒரு காபிக் கோப்பை இருந்தது. அது கையோடு சேர்த்து வார்த்தது. அதைக் கீழே வைக்க முடியாமல் இடது கையாலேயே எல்லா வேலையும் பார்த்தார். மேஜையில் ஒரு பழைய கட்டையும் ஒரு புதுக் கட்டையும் வைத்திருந்தார். மாற்றி மாற்றிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பழசுல கடைப் பேரெல்லாம் கட்டையிலயே அச்சு. அழியாது," என்றார். "புதுசுல ஸ்டிக்கர். ஒரு மழைக்கு உரியும்."

"அப்ப பழசு நல்லதா சார்?"

"அதனாலதான் கலைச்சோம்."

மேற்கொண்டு சொன்னார். பழைய வீட்டுக்கு ஆறு படம் போட்ட தாள் ஒன்று போதும், மிச்சத்தை நாமே யோசித்துக் கட்டிவிடுவோம். புது வீட்டுக்கு முந்நூறு பக்கப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு கட்டை, அதற்கும் அம்புக்குறி. பழைய ஊரில் ஒரு போலீஸ்காரர். புது ஊரில் ஐந்து போலீஸ் ஸ்டேஷன், ஒரு ஜெயில், ஒரே ஒரு திருடன். திருடனுக்கு நேரமே கிடைப்பதில்லையாம்.

"படத்துக்கு மாறா ஏதாவது இருந்தா வீட்டைக் கலைச்சிடுவாங்க," என்றார். "இப்ப அம்மாவைப் பாக்கலாம்."

அக்காவைத் தூக்கி மேஜையில் வைத்துச் சுற்றிப் பார்த்தார். விலாவில் பல் தடம் இருந்தது. கட்டையோடு ஒட்டிக்கொண்டவளை ஒரு காலத்தில் யாரோ பல்லால் கடித்துப் பிரித்திருக்கிறார்கள். சபாபதி பற்களை எண்ணினார். நான்கு.

"ரெண்டு வரைக்கும் அனுமதி. பரவாயில்ல, நாலை ரெண்டுன்னு போட்டுக்கலாம்."

நல்ல மனிதர் என்று நினைத்தேன்.

"ஒவ்வொரு பெட்டியிலயும் ஒண்ணு ரெண்டு துண்டு கூடுதலா இருக்கும்," என்றார். "உபரி. யாரும் கேக்க மாட்டாங்க. அம்மாவை உபரியா சேத்துடலாம். முழுசா மட்டும் இருக்கணும். கை எங்க?"

நான் என் வலது கையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"தொலைஞ்சு போச்சுங்க," என்றாள் அக்கா.

"எங்க?"

"கவனிக்கலீங்க."

சபாபதி என் பக்கம் திரும்பினார். "உங்க வலது கை மட்டும் நிறம் கொஞ்சம் பழசா தெரியுதே?"

"மஞ்சக்காமாலை சார்."

"ஒரு கைக்கு மட்டுமா?"

"லேசாத்தான் வந்துது சார்."

அவர் தலையாட்டினார். என் இடது கையையும் வலது கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. பூந்தொட்டிக்குக்கூடத் தெரிந்துவிட்டது.

"கை கிடைச்சா ரெண்டு நிமிஷ வேலை," என்றார் என்னைப் பார்த்து. "மாட்டி அனுப்பிடலாம். ஆனா கை இல்லாத ஆம்பளை படத்துல கிடையாது. அவருக்கு வீடு இல்லை. பொதுவாச் சொல்றேன்."

"சரிங்க சார். பொதுவாத்தானே."

"கொண்டுவந்து தர்றீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசியது. நான் எண்ணிப் பார்த்தேன், அந்த வெட்கம் இருபது விநாடி இருந்தது. பிறகு பால்கனி ஞாபகம் வந்தது.

"அக்காவே தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்களே சார்," என்றேன்.

அவர் ஒரு தாளை நகர்த்தினார். குறையுள்ள துண்டுகளைக் கலவை மூட்டைக்கு மாற்றும் உத்தரவு. மூட்டையில் எந்த ஊர், எந்த வருஷம் என்று பார்ப்பதில்லை. நிறம் பிரித்து, எடை போட்டு, தேவைப்பட்ட இடத்துக்குத் தேவைப்பட்ட துண்டை அனுப்புவார்கள்.

"அம்மாவுக்குச் சம்மதமா?"

அக்கா என்னைப் பார்த்தாள். இரண்டு புள்ளி, ஒரு சிரிப்பு.

"சிரிக்கிறாங்க. சம்மதம்னு போட்டுக்கறேன். நீங்க இங்க கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அழகாக வந்தது.

இரண்டு பேர் மூன்று தட்டுகளோடு வந்தார்கள். ஒன்று தலைக்கு, ஒன்று உடம்புக்கு, ஒன்று காலுக்கு. முதலில் காலைப் பிரித்தார்கள். அக்கா அதற்குள் ஏதோ ஞாபகம் வந்தவளாக, "தம்பி, புளியை ஒரு நாள் வெயில்ல வைக்கச் சொல்லு. கஸ்தூரி மறந்துடுவா," என்றாள்.

"சொல்றேன்க்கா."

தலையைக் கழற்றினார்கள். நான் படத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினேன். வரும்போது இருந்த நடை இப்போது இல்லை. கதவு பக்கத்திலேயே இருந்தது.

புது வீட்டுக்குத் தொள்ளாயிரம் கட்டை. இருந்தும் பின்பக்கம் சுவர் இல்லை. நாங்கள் சாப்பிடுவதும் தூங்குவதும் பின் தெருவுக்குத் தெரிந்தது. படம் முன்பக்கத்துக்கு மட்டும்தான். மாடிக்குப் படியும் இல்லை. பால்கனிக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அங்கே இருக்க வேண்டும். கஸ்தூரி இருந்தாள்.

"அண்ணி வரலையா?" என்றாள்.

"உயரம் பத்தலைன்னுட்டாங்க."

"பாவம்." அக்காவுக்கென்று ஒரு மூலையை ஒழித்து வைத்திருந்தாள். நாயை அங்கே நிறுத்தினாள். நாய் ஒரே வார்ப்பு, வாய் மூடாது. புளியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். புளி பூஞ்சை பிடித்துப்போனது.

மூன்றாம் மாதம் எங்கள் வாசல் விளக்குக் கம்பத்தின் மேல்துண்டு விழுந்து எங்கேயோ உருண்டுவிட்டது. மேலே மொட்டையாக நின்றது கம்பம். ஒரு போலீஸ்காரர் படத்தையும் கம்பத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஒரு வாரம் டைம் கொடுத்தார். நான் அலறியடித்துக்கொண்டு விண்ணப்பம் எழுதினேன். நான்கு பக்கம் எழுதினேன்.

ஆறாம் நாள் ஒரு காகிதக் கவர் வந்தது. உள்ளே அக்காவின் தலை இருந்தது. கூடவே ஒரு சீட்டு: புதிய துண்டு இருப்பில் இல்லை, பழையது அனுப்பப்படுகிறது, பொருந்தும்.

"இளைச்சுட்டியேடா," என்றாள் அக்கா.

"உடம்பு எங்கக்கா?"

"ஒரு மீன் கடைக்குப் போயிருக்கு. நல்ல கடைன்னு சொன்னாங்க. காலைப் பத்தித்தான் ஒண்ணும் தெரியல."

"வலிச்சுதா?"

"அதை விடு. கஸ்தூரி எப்படி இருக்கா?"

"இருக்கா."

"நான் உள்ள வரல. உனக்குத் தொந்தரவு. இங்க வாசல்லயே இருக்கேன். நீங்க போறது வர்றது தெரிஞ்சாப் போதும்."

ஸ்டூலில் ஏறிக் கம்பத்தின் மேல் அவளை வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. அவள் எங்கள் வீட்டைப் பார்த்தாள். கீழிருந்து மேல்வரை நிதானமாகப் பார்த்தாள். காபிக் கடை, ஜன்னல், பால்கனி.

"பெரிய வீடுடா," என்றாள்.

நான் அழுதேன். அவளை அப்படியே பிடுங்கி உள்ளே கொண்டுபோய்விடலாம் என்று தோன்றியது. தெருவில் ஒருவரும் இல்லை. ஸ்டூலில் ஏறித்தான் நின்றுகொண்டிருந்தேன், பிடுங்க ஒரு விநாடி போதும்.

மேலேயிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, படத்துல அந்த விளக்குக்கு மூஞ்சி கிடையாதே."

படத்தை எடுத்துப் பார்த்தேன். கிடையாதுதான். வெறும் மஞ்சள் உருண்டை.

"அக்கா," என்றேன். "கொஞ்சம் திருப்பட்டுமா?"

"திருப்புடா. இதுக்கெல்லாம் கேப்பாங்களா."

கம்பத்தை ஒட்டிப் பக்கத்து வீட்டுச் சுவர். முகம் அந்தப் பக்கம் போகும்வரை தலையைத் திருப்பினேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது, இன்னும் அழுத்தித் திருப்பினேன். இறங்கித் தெருவில் நான்கடி தள்ளி நின்று பார்த்தேன்.

"இப்ப படத்துல இருக்கற மாதிரி இருக்கா?" என்று அக்கா சுவரைக் கேட்டாள்.

"இருக்குக்கா," என்றேன்.